ஞாயிற்றுக்கிழமைக் காற்று

“இன்னும் சிவப்புதான்!” என்று நான் போட்ட சத்தத்தில், பக்கத்தில் கொத்திக்கொண்டிருந்த கோழிகள் ஒரு முழம் எழும்பி விழுந்தன. நான் புல்லில் குப்புறப் படுத்திருந்தேன். மூக்குக்கு ஒரு சாண் தள்ளி அந்தப் பாட்டில் இருந்தது. உள்ளே திராட்சை ஒயின் நிறத்தில் மருந்துத் தண்ணீர். பாட்டிலுக்குப் பக்கத்தில், புல்லின் மேல் கவிழ்த்து வைத்த கண்ணாடித் தொட்டி போல ஒரு பிளாஸ்டிக் மூடி. அந்த மூடிக்குள் கோழி எச்சம் விழுந்த புல். பெட்டி ஒன்றில் இருந்த சின்ன பம்ப் மூடிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிப் பாட்டிலுக்குள் குமிழ் குமிழாக விட்டுக்கொண்டிருந்தது. எச்சத்திலிருந்து அமோனியா கிளம்பியிருந்தால் தண்ணீர் பச்சையாகிவிடும். கிளம்பவில்லை. வாரம் முழுக்க கிளம்பவில்லை. எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது.

“ரைக், கோழிய மிரட்டாத,” என்றாள் என் மனைவி கெர்டீன். அவள் கொட்டகைச் சுவரோரம் உட்கார்ந்து தண்ணீர்க் குழாய்க்கு வளையம் மாட்டிக்கொண்டிருந்தாள். “கால்பந்து பாக்கறவன் மாதிரி கத்தற.”

“கால்பந்துல கூட இவ்வளவு டென்ஷன் ஆனதில்ல,” என்றேன். உண்மை அதுதான்.

கோழி எச்சத்தில் உள்ள நைட்ரஜன் மண்ணுக்குப் போனால் உரம். அதுவே அமோனியாவாகக் காற்றில் ஏறினால் எங்காவது போய் இறங்கும். எங்கள் நிலத்தைப் பொறுத்தவரை அது எங்கே என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஹெதர் வெளி ஆரம்பிக்கிறது, ஊதாப் பூ பூக்கும் குத்துச்செடிகள் மண்டிய பாதுகாக்கப்பட்ட நிலம். ஹெதருக்குப் பட்டினிதான் பிடிக்கும். மேலேயிருந்து உரம் விழுந்தால் அது நலிந்து, புல் தலையெடுத்துவிடும். வேலிக்குப் பக்கத்தில் அப்படிப் புல் மண்டிய இடங்கள் எங்கள் வீட்டு மாடி ஜன்னலிலிருந்தே தெரியும். மாகாண அலுவலகத்துக்கும் தெரிந்துவிட்டது. மேய்ச்சல் நிலத்திலிருந்து காற்றில் போவது கொஞ்சம்தான் என்று இந்த வசந்தகால அளவீடு சொன்னால், கோழிகள் வழக்கம்போல வெளியே வரலாம். நிறைய என்று சொன்னால் கொட்டகையின் குட்டிக் கதவுகளை மொத்தமாக அடைத்துவிட வேண்டும். அடைத்தால் எங்கள் முட்டையின் மேல் குத்தும் ‘1’ போய் ‘2’ வந்துவிடும். ஒன்று என்றால் வெளியே மேய்ந்த கோழி. இரண்டு என்றால் வானத்தையே பார்க்காத கோழி. அந்த ஒன்றுக்காகக் கெர்டீன் தன் அப்பாவின் உருளைக்கிழங்கு நிலத்தைப் புல்வெளியாக்கினாள். தலைக்கு மேல் எதுவும் இல்லாவிட்டால் கோழிகள் பருந்துக்குப் பயந்து வெளியே வராது என்று வில்லோ மரங்களை வரிசையாக நட்டாள். மூன்று முறை காய்ந்தும் விடாமல் நட்டாள். சந்தையில் யாராவது முட்டையைக் கையில் எடுத்து அந்த எண்ணைப் பார்த்தால் இவளுக்கு முகம் மலர்ந்துவிடும். பக்கத்தில் நிற்கும் எனக்கே பொறாமையாக இருக்கும்.

அளக்க வந்தவள் யோரிண்டா. ஆராய்ச்சி நிலையத்துப் பெண், நெட்டையானவள், நடக்கும்போதே சாப்பிடுகிறவள். முதல் நாள் பளிச்சென்று வெள்ளை உடுப்பில் வந்து இறங்கினாள். எங்கள் கோழிகள் பிறந்ததிலிருந்து நீல வேலை உடுப்பைத்தான் பார்த்திருக்கின்றன. நான் என்றால் நீலம், கெர்டீன் என்றால் நீலம், அதுதான் அவற்றுக்கு மனிதன். வெள்ளையைப் பார்த்ததும் அத்தனையும் அலறிக்கொண்டு ஒரு மூலைக்கு ஓடின. கோழி மிரள்வது வேடிக்கையான விஷயம் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, அடியில் இருப்பவை மூச்சுத் திணறிச் செத்துப்போகும். கெர்டீன் ஓடிப்போய்த் தன் பழைய நீல உடுப்பைக் கொண்டுவந்து அவள் மேல் மாட்டினாள். கணுக்காலுக்கு எட்டாமல் அரைக்கால் சட்டை போல நின்றது. அன்றிலிருந்து யோரிண்டா வாரம் முழுக்க அப்படியே திரிந்தாள்.

ஒரு கோழி மட்டும் அவளுக்குப் பயப்படவில்லை. காது மடல் கிழிந்த பழுப்புக் கோழி. நிலத்தில் வைத்த ஆறு பெட்டிகளில் நாலாவதன் பம்ப் லேசாகச் சூடாகும். அதற்கு அது பிடித்துப்போய், தினமும் அங்கே வந்து ஒண்டிக்கொண்டு புல்லிலேயே முட்டை போட்டது. எண் குத்தும் எந்திரத்துக்குப் போகாத அந்த முட்டையைக் கெர்டீன் எடுத்துச் சமையலறையில் வைத்துவிடுவாள். யோரிண்டா அந்தக் கோழிக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தாள். “என் வேலை சரியா நடக்குதான்னு பாக்க வர்ற ஒரே ஆள் இவங்கதான்.”

ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் மூடியைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்து, பிறகு எடுத்துவிடுவாள். எடுக்காவிட்டால் அடியில் இருக்கும் புல்லுக்கு வெயிலும் பனியும் தெரியாமல் போய்விடும், அளவு பொய்யாகிவிடும் என்பாள். வாரம் முழுக்கக் கிழக்குக் காற்று. சிலீரென்று, எலும்பு போல வறண்ட காற்று. எச்சம் விழுந்த இடத்திலேயே காய்ந்து சுண்ணாம்புக் கட்டியாகிவிட்டது. பக்கத்துப் பண்ணையின் எவர்ட் தினமும் வேலியோரம் வந்து நின்று பார்ப்பார். மாடு வளர்ப்பவர், எங்கள் தேவாலயத்தில் மூப்பரும் கூட. அளக்க வருகிறவர்கள் மேல் உள்ள கோபத்தில் தன் வாசலில் நாட்டுக் கொடியைத் தலைகீழாகக் கட்டி வைத்திருப்பவர்.

“என்ன ரைக், கோழிப் பீக்குப் பாட்டில்ல பால் குடுக்கறீங்க போல,” என்றார்.

“பச்சையாச்சுன்னா உங்க மாட்டுக்கும் குடுப்பாங்க, இருங்க.”

“என் மாட்டுக்கு வேற பாட்டில் வேணும். பீப்பாய் அளவுக்கு.” சிரித்தார். ஆனால் அவர் கண் பாட்டிலை விட்டு நகரவில்லை.

சனிக்கிழமை மாலையோடு அளவீடு முடிந்தது. அப்படித்தான் முதலிலேயே பேசியிருந்தோம். யோரிண்டா ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டவேண்டும் என்று கேட்டபோது கெர்டீன் ஒரே சொல்லாக முடித்துவிட்டாள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எந்த வேலையும் கிடையாது. கோழிக்குத் தீவனம், தண்ணீர், முட்டை பொறுக்குவது, அவ்வளவுதான். சூப்பைக் கூடச் சனிக்கிழமையே கொதிக்க வைத்துவிடுவாள். திங்கட்கிழமை வண்டி வந்து பெட்டிகளை வேறு பண்ணைக்கு எடுத்துப் போய்விடும். ஆகவே சனிக்கிழமையே கடைசி. அன்று கெர்டீன் பன்றிக்கொழுப்பு போட்ட தட்டையப்பம் சுட்டாள். யோரிண்டா மேலே பாகை ஊற்றி, சுருட்டி, கையிலேயே வைத்துக் கடித்தாள். நான் பியர் எடுத்து உயர்த்தினேன்.

“சிவப்புக்கு!” என்றேன்.

“சிவப்புக்கு,” என்றாள் யோரிண்டா. பிறகு மெல்வதை நிறுத்தினாள். “ஆனா ஒண்ணு சொல்லணும். இது காஞ்ச வாரம். காஞ்சு கிடக்கறப்ப எச்சம் பூட்டுப் போட்ட மாதிரி. கொஞ்சம் நனைஞ்சாத்தான் உள்ள இருக்கறது அமோனியாவா மாறும்.”

“மழை பெஞ்சா?” என்று கேட்டாள் கெர்டீன்.

“எப்படிப்பட்ட மழைங்கறதப் பொறுத்து. தூறல்னா எழுப்பி விட்டுடும். அடிச்சுக் கொட்டிச்சுன்னா கிளம்பறதுக்குள்ள மண்ணுக்குள்ள இறக்கிடும். ரெண்டு நாள் கூடக் கெடைச்சா அதையும் பாத்திருப்பேன். கெடைக்கல, பரவாயில்ல. அறிக்கையில, வறண்ட வாரம்னு எழுதிடுவேன்.”

“எழுதினா படிப்பாங்களா?”

யோரிண்டா தோளைக் குலுக்கினாள். “கடைசிப் பக்கத்து எண்ணைப் படிப்பாங்க.”

எனக்கு அந்தக் கடைசிப் பக்கம் போதும். இன்னொரு அப்பத்தை அவள் தட்டில் போட்டேன். கெர்டீன் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். யோரிண்டா கிளம்பும்போது மிச்சமிருந்த புதுப் பாட்டில்களைக் கருவி அறையில் வைத்துவிட்டுப் போனாள்.

காலையில் எழுந்தபோது காற்று மாறியிருந்தது. தென்மேற்கு. வெதுவெதுப்பாக, முகத்தில் ஈரத் துணியால் ஒற்றுவது போல. தேவாலயத்துக்கு நடந்து போகும்போது வானம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து கிடந்தது, ஆனால் சொட்டு விழவில்லை. விழாதே, விழாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

எங்கள் பிரசங்கத்துக்கு எப்போதும் மூன்று பகுதிகள். பகுதிக்கு ஒரு பெப்பர்மின்ட். முதல் பகுதி ஆரம்பித்ததும் வரிசை வரிசையாகக் கைப்பைகள் திறக்கும், மிட்டாய்ச் சுருள் கைமாறும், எல்லாக் கன்னமும் ஒரு பக்கம் புடைக்கும். கெர்டீன் எனக்கு ஒன்று கொடுத்துவிட்டுத் தனக்கு ஒன்று எடுத்தாள். எடுத்ததை வாயில் போடவில்லை. அப்போதுதான் எனக்கும் கேட்டது. கூரை ஓட்டில் சரசரவென்று, எறும்பு நடப்பது போன்ற சத்தம். தூறல். இரண்டாவது பகுதி வந்தது, மூன்றாவது பகுதியும் வந்தது. அவள் கை மூடியபடியே இருந்தது. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன்; கடைசி ஜெபத்துக்கு எழும்போது அதைக் கோட்டுப் பையில் போட்டாள். போதகர் எதைப் பற்றிப் பேசினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது எவர்ட்டும் எங்களோடு நடந்தார். தூறல் விட்டு விட்டுப் பிசுபிசுத்தது. எங்கள் வேலி மூலைக்கு வந்ததும் கெர்டீன் நின்றாள். அவள் நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணுக்குப் பின்னால் போய்க் குத்தும் அந்தக் காரம். கோழி வளர்க்கிறவனுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

“வாசனை வருது,” என்றாள்.

“எனக்கு வரலயே,” என்றேன்.

“எனக்கு வருது,” என்றார் எவர்ட்.

“உங்க மாட்டுக் கொட்டகையா இருக்கும்.”

“என் கொட்டகை காத்துக்கு அந்தாண்ட இருக்கு ரைக். உளறாத.”

கெர்டீன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிலத்தையே பார்த்தாள். பெட்டிகள் நேற்று விட்டபடியே புல்லில் நின்றன. மூடிகள் பக்கத்தில் மல்லாந்து கிடந்தன. “இன்னைக்குத்தான் கிளம்புது. வாரம் பூரா தூங்கிட்டு, இன்னைக்கு எழுந்திருக்கு.”

“கிளம்பட்டும். வா, காப்பி ஆறிடும்.”

“காப்பி இன்னும் போடவே இல்ல.”

“அதான் சொல்றேன், போட வேணாமா?”

அவள் சிரிக்கவில்லை. “கருவி அறைச் சாவி உன்கிட்டயா இருக்கு?”

எவர்ட் தொண்டையைக் கனைத்தார். மூப்பராகக் கனைக்கும் கனைப்பு. “கெர்டீன், பசுவக் கறக்கறது வேற. தீவனம் போடறது வேற. வாயில்லாத ஜீவன் பட்டினி கிடக்கக் கூடாதுன்னு அனுமதி இருக்கு. பாட்டிலுக்குப் பசிக்குதா?”

“பசிக்கல.” அவள் அவர் பக்கம் திரும்பினாள். “ஞாயித்துக்கிழம கூடாதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட நான்தான் சொன்னேன் எவர்ட். அப்ப ஓய்வு நாள நெனச்சு சுத்தமாத்தான் சொன்னேன். இப்ப இந்த வாசனைய மோந்துட்டு, உள்ள போய் சூப் குடிச்சுட்டுப் படுத்தேன்னா, ஓய்வு நாளத் தூக்கி என் பாக்கெட்டுல போட்டுக்கிட்ட மாதிரி ஆயிடும். கர்த்தரோட நாள வெச்சு என் முட்டைக்கு நம்பர் வாங்கவா?”

எவர்ட் விரிக்காத குடையை வேலியில் சாய்த்து வைத்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயம் என்று சொன்னால்தான் சரி. “யாரும் கேக்கல கெர்டீன். யாரும் உன்ன அளக்கச் சொல்லல! பேசின நாள் முடிஞ்சுது. எல்லாம் சிவப்பு. அந்த ஒண்ணு நம்ம கையில இருக்கு. நீயா போய் ஏன் அதத் தூக்கிக் குடுக்கற?”

“குடுக்கறேன்னு சொன்னேனா?” அவள் கம்பியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “எனக்கு வேணாமா அது? உன்னவிட எனக்குத்தான்டா வேணும். அந்த மரம் ஒவ்வொண்ணுக்கும் நான்தான் தண்ணி தூக்கினேன். ஆனா தெரியணும். இந்த நிலம் என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியணும். தெரியாத மாதிரி நடிச்சுக்கிட்டு எத்தன வருஷம் முட்ட விப்பேன்?”

சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்தாள். திறந்து, நேராக உள்ளே நடந்தாள்.

இத்தனை வருடம் கோழி வளர்த்தவள் செய்யக்கூடாத தப்பு அது. நானும் கவனிக்கவில்லை. அவள் கறுப்புக் கோட்டில் இருந்தாள். தலையில் தேவாலயத் தொப்பி, அகல விளிம்போடு, பக்கவாட்டில் ஒரு கறுப்பு இறகோடு. எங்கள் கோழிகள் கெர்டீனை அறியும், இந்தப் பெரிய கறுப்புப் பறவையை அறியாது. முதலில் ஒரு கோழி கழுத்தை நீட்டியது. அடுத்த நொடி நிலம் முழுக்க ஒரே அலறல். பழுப்பு வெள்ளம் போல அத்தனையும் கொட்டகையை நோக்கிப் புரண்டன. குட்டிக் கதவுகளில் நெரிந்தன. மூலையில் ஏற ஆரம்பித்தன.

“அசையாத!” என்று கத்த வந்து வாயைப் பொத்திக்கொண்டேன், கத்தினால் இன்னும் கெடும். கெர்டீன் நின்ற இடத்தில் மரமாகிவிட்டாள். நான் ஓடினேன். என் வயதுக்கு நான் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. கருவி அறையில் இருவருடைய நீல உடுப்பையும் உருவி, என் நல்ல கால்சட்டை மேலேயே ஒன்றை ஏற்றிக்கொண்டு, மூலைக்குப் போய், “போ, போ, போம்மா,” என்று தினமும் பேசும் குரலில் பேசிப் பேசிக் குவியலைக் கலைத்தேன். மேலே இருந்தவற்றை இரண்டு கையாலும் வாரி வாரி அந்தப் பக்கம் போட்டேன். அடியில் நசுங்கியிருந்த ஒன்றைத் தூக்கியபோது தலை தொங்கியது. தரையில் வைத்தேன். கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு எழுந்து, உடம்பைச் சிலிர்த்து, என் கையை ஒரு கொத்துக் கொத்திவிட்டு நடந்தது. அந்தக் கொத்துக்கு நான் சந்தோஷப்பட்டது போல எதற்கும் பட்டதில்லை.

கெர்டீன் கோட்டின் மேலேயே நீல உடுப்பை மாட்டினாள். கோட்டுத் தடிப்பில் பொத்தான் சேரவில்லை, நான் இழுத்துப் போட்டுவிட்டேன். தொப்பி ஊசிகளைத் தேடிக் கழற்ற நேரமில்லை. இறகை மட்டும் பிடுங்கி வேலிப்பக்கம் எறிந்தாள். கீழே நீலம், மேலே ஞாயிற்றுக்கிழமை. அவளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள்.

என் போனில் யோரிண்டாவைக் கூப்பிட்டாள்.

“கெர்டீன்? ஞாயித்துக்கிழமையில போனா? யாருக்காவது உடம்பு சரியில்லயா?”

“தூறுது. நாறுது. பாட்டில எப்படி மாட்டறது, சொல்லு.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. “நெஜமாவா? இருங்க, இருங்க. மொதல்ல மூடியக் கவுக்காதீங்க, பம்ப்பைத் தொடைங்க…” வரிசையாகச் சொன்னாள். கடைசியில் குரல் மாறியது. “ஒரு விஷயம். ஆரம்பிச்சுட்டீங்கன்னா நான் எழுதுவேன். பச்சையானாலும் எழுதுவேன். வேணாம்னு அப்புறம் சொல்ல முடியாது. நல்லா யோசிச்சுக்கங்க. நான் கிளம்பி வர்றேன், ஆனா வந்து சேர நேரமாகும்.”

கெர்டீன் என்னைப் பார்த்தாள். அனுமதி கேட்கும் பார்வை இல்லை. ஆனால் தனியாகச் செய்ய விருப்பமில்லை என்ற பார்வை. நான் பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

“எந்தப் பெட்டிலருந்து ஆரம்பிக்கணும்?” என்றேன்.

அதன் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. கை வேலையில் இருக்கும்போது பயப்பட இடமில்லை. நான் பாட்டில் கொடுக்க, அவள் குழாய் மாட்ட, மூடி கவிழ்க்க, பம்ப் உறுமியது. அடுத்தது. அதற்கடுத்தது. புல் வழுக்கியது, முழங்கால் நனைந்தது, நல்ல சட்டையின் கைப்பட்டை முழுக்கக் கோழிச் சாணி. கொட்டகைக்கு ஒட்டி மூன்று பெட்டி, மரங்களுக்கு அடியில் மூன்று பெட்டி. கடைசி பம்ப் ஓட ஆரம்பித்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. கடையில் புதிதாய் வாங்கி வந்த பந்தயப் புறாவைப் பார்ப்பது போல அந்தப் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எவர்ட் வீட்டுக்குப் போகவில்லை. வேலியிலேயே நின்றார். அவர் வீட்டில் காப்பி கொதித்து ஆறியிருக்கும்.

“முதுகக் காட்டி நிக்கலாம்ல எவர்ட்,” என்றாள் கெர்டீன். “பாக்கலன்னு சொல்லிக்கலாம்.”

“பாத்தாச்சு,” என்றார். பிறகு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “என்ன நிறம்?” என்றார்.

நான் கொட்டகைப் பக்கத்துப் பெட்டியில் குப்புறப் படுத்தேன். குமிழ், குமிழ். சிவப்புதான். கத்த வாயெடுத்தேன். அப்போது கண்ணாடிக் குழாயின் நுனியில், குமிழ் பிறக்கும் இடத்தில், நூல் போல ஒரு பச்சை நெளிந்தது. சிவப்பில் கரைந்து காணாமல் போனது. அடுத்த குமிழில் மறுபடி வந்தது. இந்த முறை கரைய நேரமெடுத்தது.

“ரைக்?” என்றாள் கெர்டீன்.

“வருது,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். இருவரும் பார்த்துக்கொண்டேயிருந்தோம். அடிப்பாகம் கலங்கி, பழுத்த இலை நிறமாகி, மெதுவாகப் பச்சை மேலே ஏறியது. கொட்டகையோரம் மூன்றிலும் அதே கதை. கதவை விட்டு வெளியே வந்ததும் அங்கேயே நின்றுவிடும் சோம்பேறிக் கோழிகள் நிறைய, எச்சமும் அங்கேதான் அதிகம். கெர்டீன் அழவில்லை. எழுந்து மரங்களை நோக்கி ஓடினாள். ஆம், ஓடினாள், தொப்பி ஒரு பக்கம் சாய. நான் பின்னால் ஓடினேன்.

வில்லோவுக்கு அடியில் குனிந்தவள் நிமிரவே இல்லை. “ரைக், நீ பாரு. என் கண்ணு என்னை ஏமாத்துது.”

பார்த்தேன். சிவப்பு. குழாய் நுனியைப் பார்த்தேன். சிவப்பு. மூடிக்குள் எச்சம் இருந்தது, ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக, புல் மறைத்துவிடும் அளவுக்கு.

“இங்க சிவப்பு!” என்று கத்தினேன். எந்தக் கோழி மிரண்டால் என்ன!

“அங்க பச்சை, இங்க சிவப்பா?” வேலியிலிருந்து எவர்ட் கத்தினார். “அப்ப அந்தச் சோம்பேறிங்களக் கூட்டிட்டு வந்து இங்க விடுங்கய்யா!”

“நீங்க வந்து கூப்பிடுங்க! மூப்பர் சொன்னா கேக்கும்!”

அந்த நேரத்தில் ஹெதர் வெளிக்கு மேலே வானம் கறுத்து வந்தது. தூறல் சட்டென்று நின்றது. இலை அசையவில்லை. யோரிண்டா சொன்னது ஞாபகம் வந்தது: அடித்துக் கொட்டினால் மண்ணுக்குள் இறக்கிவிடும்.

“கொட்டு!” என்றேன் வானத்தைப் பார்த்து. “கொட்டித் தொலையேன்!”

“மண்ணுல இறங்கினா அப்புறம் நிலத்தடித் தண்ணிய அளக்க வருவாங்க,” என்றார் எவர்ட். ஆனால் அவரும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தச் சுத்து முடிஞ்சுது. மூடிய எடு!” என்றாள் கெர்டீன். “எல்லாத்தையும் எடு, புல்லுக்கு மழை தெரியணும்!” ஓடி ஓடி மூடிகளைத் தூக்கினோம். முதல் பெரிய துளி அவள் தொப்பியில் டப்பென்று விழுந்தது. எவர்ட் கேட்டைத் திறந்து, குடையை விரிக்காமலே தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். கறுப்புக் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, சட்டையோடு வந்தார். எந்தக் கோழியும் மிரளவில்லை. கெர்டீன் பக்கத்தில் போய்க் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தார்.

“எடுங்க எவர்ட், புல்ல மறைக்கறீங்க,” என்றாள்.

அவர் குடையை மடக்கினார். மூன்று பேரும் நனைந்துகொண்டு நின்றோம். கொட்டகைப் பக்கம் ஏதோ அசைந்தது. குட்டிக் கதவிலிருந்து காது கிழிந்த பழுப்புக் கோழி தனியாக வெளியே வந்து, மழையையும் எங்களையும் சட்டை செய்யாமல், நாலாவது பெட்டியின் பம்ப் பக்கத்தில் வழக்கமான இடத்தில் சம்மணம் போட்டது. கண்ணை மூடியது. இறகை உப்பியது. எழுந்தபோது புல்லில் ஒரு முட்டை கிடந்தது. அது நாலு எட்டு நடந்து, மரங்களின் பக்கம் திரும்பிப் புல்லைக் கிளற ஆரம்பித்தது.

கெர்டீன் நீல உடுப்புக்குள் கைவிட்டுக் கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்தாள். காலையில் சாப்பிடாத பெப்பர்மின்ட், பாதி கரைந்து உள்ளங்கையில் ஒட்டியது. அதை வாயில் போட்டுக்கொண்டு குனிந்து முட்டையை எடுத்தாள். இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும், இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். மழை வலுத்தது. அவள் கையைத் திறந்து முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழுப்பு ஓடு நனைந்து மின்னியது. அதன் மேல் எந்த எண்ணும் இல்லை.